மருந்தா, லாகிரியா?

மனச்சோர்வு நோய்க்காக டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை ஒருவர் ஒழுங்காகச் சாப்பிட்டு வருகிறார். புதிய உத்தியோகம் ஒன்றுக்காக அவருடைய சிறுநீரைப் பரிசோதிக்கிறார்கள். "இவர் ஆம்ஃபெடமின் என்னும் லாகிரி வஸ்துவை உபயோகிக்கிறார்" என்று பரிசோதனைச் சாலையிலிருந்து சீட்டு வருகிறது! காப்பிக்கு மேல் எந்த லாகிரியையும் அறியாத அந்த மனிதர் திகைத்துப் போகிறார்.

இது வெறுங் கற்பனையல்ல. புப்ரோப்பியான் என்ற மருந்தைச் சாப்பிடுகிறவர்களுக்கு இத்தகைய சங்கடம் நேர்வது உண்டென்று வைத்தியப் பத்திரிகைகளே எழுதியிருக்கின்றன. முதலில் நடக்கும் பரிசோதனை, வஸ்துவின் சாயலைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது. மூலக்கூற்றையே எடை போட்டுப் பார்க்கும் இரண்டாவது பரிசோதனை நடந்தால் உண்மை வெளியாகி, மனிதர் நிரபராதி ஆகிவிடுவார். ஆனால் அதற்குள் வீட்டில் என்னென்ன நடந்திருக்கும்? "அப்போதே சொன்னேனே, மூளைக்கு மருந்து சாப்பிட்டால் அதற்கு அடிமையாகி விடுவாய் என்று!" என்று பெரியவர்கள் ஆரம்பித்திருப்பார்கள். மாத்திரை டப்பி குப்பைத் தொட்டிக்குப் போயிருக்கும். ஆறு மாதங்களுக்குப் பிறகு அப்பொழுதுதான் எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தவர், மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார்.

பெரியவர்களின் பயத்தை மூடத்தனம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. மருந்துக்கும் லாகிரிக்கும் மூளையில் உள்ள வித்தியாசம் என்ன என்று ஒருவர் கேட்டால், கேட்டவரை அதட்டாமல் பதில் சொல்லுவதுதான் முறை.

முதலில் சாயல் விஷயத்தைப் பார்ப்போம். ஏமன் தேசத்திலும் எதியோப்பியாவிலும் 'காத்' என்று ஒரு செடி உண்டு. நம் ஊரில் தாம்பூலம் தரிப்பது போல, அங்கே பிற்பகல் வேளைகளில் அதன் இளந்தளிர்களைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பார்கள். அதிலுள்ள சத்துக்குக் காத்தினோன் என்று பெயர். அது ஆம்ஃபெடமினுக்கு ரஸாயன ரீதியில் மிக நெருங்கிய உறவு. அந்தக் காத்தினோனின் எலும்புக்கூட்டில் ஒரு குளோரின் அணுவையும், பருமனான ஒரு கரிக் கொத்தையும் பொருத்தினால் கிடைப்பதுதான் புப்ரோப்பியான். 1969ஆம் வருஷத்தில் பரோஸ் வெல்கம் கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில் அதைச் செய்து காட்டியவர் நரிமன் மேத்தா. பெயரைக் கேட்டதுமே நம்முடைய பம்பாய்ப் பார்ஸிகளின் நினைவு வருகிறதல்லவா? அமெரிக்கப் பேடண்டு 1974இல் கிடைத்தது.

ஆகவே உறவு வாஸ்தவந்தான். ஆனால் ஒரே குடும்பத்தில் பிறந்த இருவரில் ஒருவர் ஹைகோர்ட்டில் ஜட்ஜாக உட்கார்ந்திருப்பதும், இன்னொருவர் அதே கோர்ட்டில் கைதிக் கூண்டில் நிற்பதும் உலகத்தில் நடக்காத காரியமா? குலத்தை விசாரித்தது போதும். இனி நடத்தையை விசாரிக்கலாம்.

மூளையில் கோடானுகோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. ஒன்றோடொன்று பேசவேண்டுமானால், அவற்றின் நடுவே உள்ள நுண்ணிய இடைவெளியில் ஓர் அணு ஒரு ரஸத்தைச் சுரக்க, அடுத்த அணு அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். இந்த ரஸங்களில் ஒன்று டோப்பமின். ஒரு காரியத்தில் ஊக்கம் பிறப்பதற்கும், 'இது நன்றாயிருக்கிறது, மறுபடியும் வேண்டும்' என்று மூளை கற்றுக்கொள்வதற்கும் அது முக்கியமான காரணம். ஏரி மதகைத் திறந்தால் வாய்க்காலில் தண்ணீர் பாய்வது போல டோப்பமின் இடைவெளியில் பாய்கிறது. பாய்ந்தது அப்படியே தேங்கிக் கிடக்கலாகாது. ஆகையால் வாய்க்கால் ஓரத்தில் எப்போதும் ஆட்கள் நின்று, இறைகூடையினால் தண்ணீரை மீண்டும் ஏரிக்கே இறைத்துக் கொண்டிருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். நரம்பணுவின் மேல்தோலில் இந்த வேலைக்கென்றே ஒரு புரதம் இருக்கிறது. டோப்பமினைத் திரும்ப ஏற்றிச் செல்வதால் அதை ஏற்றிச்செல்லி என்று சொல்லலாம். நாம் இறைகூடைக்காரன் என்றே அழைப்போம்.

இந்த டோப்பமின் கதையில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. சர்ப்பகந்தா என்னும் மூலிகை இரத்தக் கொதிப்பையும் சித்தப் பிரமையையும் தணிக்கும் என்று கல்கத்தாவில் கணநாத சேனரும் கார்த்திக் சந்திர போஸும் 1931இலேயே எழுதினார்கள். பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் அதைப் பற்றி பிரிட்டிஷ் இருதய வைத்தியப் பத்திரிகையில் எழுதிய பிறகுதான் மேனாட்டார் காது கொடுத்தார்கள். 1952இல் ஸ்விட்ஜர்லாந்தில் அதன் சத்தைப் பிரித்தெடுத்து ரெஸர்பின் என்று பெயரிட்டார்கள். ஏரியில் தண்ணீரே தங்காதபடி செய்துவிடும் குணம் இந்த ரெஸர்பினுக்கு உண்டு. ஸ்வீடன் தேசத்து அர்விட் கார்ல்ஸன், ரெஸர்பின் கொடுத்ததால் அசைவற்றுக் காது தொங்கிக் கிடந்த முயல்களுக்கு, டோப்பமினாக மாறக்கூடிய 'டோப்பா' என்ற வஸ்துவைச் செலுத்தினார். முயல்கள் சிறிது நேரத்துக்கெல்லாம் எழுந்து நடமாடத் தொடங்கின! 1957இல் வெளியான அந்த ஆராய்ச்சியிலிருந்து தொடங்கிய வழி, 2000ஆம் வருஷத்தில் அவரை நோபல் பரிசுக்குக் கொண்டு சேர்த்தது.

இனி லாகிரிகள் செய்யும் வேலையைக் கவனிப்போம். கொகேன் இறைகூடைக்காரர்களின் கையைக் கட்டிப்போட்டு விடுகிறது. மதகிலிருந்து வந்த தண்ணீர் திரும்பிப் போக வழியின்றி வாய்க்காலில் உயர்கிறது. ஆம்ஃபெடமின் இன்னும் பொல்லாதது. அது இறைகூடைக்காரனை மறுபக்கம் திருப்பி நிறுத்திவிடுகிறது. ஏரித் தண்ணீரை அவனே வாய்க்காலுக்கு இறைக்க ஆரம்பிக்கிறான்! மதகு மூடியிருந்தாலும் வெள்ளந்தான்.

(காப்பியைப் பற்றி நேயர்களில் பலர் கவலை கொண்டிருக்கலாம். காப்பியிலுள்ள கஃபீன் இறைகூடைக்காரன் பக்கமே போவதில்லை. களைப்பை அறிவிக்கும் அடினோஸின் என்ற வேறொரு ரஸத்தின் வாசலை அடைத்துக்கொள்வதே அதன் வேலை. நிம்மதியாக இரண்டாவது டம்ளரை ஆற்றிக் கொள்ளலாம்.)

புப்ரோப்பியானும் கொகேனைப் போலவே இறைகூடைக்காரனின் கையைப் பிடிப்பதுதான்! ஆம்ஃபெடமினைப் போல அவனைத் திருப்பி நிறுத்துவதில்லை. ஆனாலும் பிடிக்கிற இடம் கொகேன் பிடிக்கிற அதே இடம். பின்னே ஏன் ஒன்றை லாகிரி என்றும் மற்றொன்றை மருந்து என்றும் சொல்ல வேண்டும்?

விடை காண்பதற்கு முன் பழைய கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைவாசிகள் பல நூற்றாண்டுகளாகக் கோகா இலையை மென்று வருகிறார்கள். சத்து மெள்ள மெள்ள இரத்தத்தில் கலக்கும். களைப்பும் பசியும் சற்று அடங்கும். 1860இல் ஜெர்மனியில் ஆல்பெர்ட் நீமான் அந்தச் சத்தைத் தனியே பிரித்துக் கொகேன் என்று பெயர் சூட்டினார். 1884இல் வியன்னாவில் ஸிக்மண்ட் ஃப்ராய்ட் என்ற இளம் டாக்டர் அதைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துப் பார்த்து, மனச்சோர்வுக்கும் அபினி வகை அடிமைத்தனத்துக்கும் நல்ல மருந்தென்று புகழ்ந்து கட்டுரை எழுதினார். அவருடைய நண்பர் எர்ன்ஸ்ட் ஃபான் ஃப்ளைஷல் கை வலிக்காக மார்ஃபின் போட்டு அதற்கு அடிமையானவர். ஃப்ராய்டின் யோசனைப்படி கொகேனை உபயோகிக்கத் தொடங்கியவர், அதை ஊசி மூலம் ஏற்றிக்கொண்டார். சீக்கிரத்திலேயே இரண்டுக்கும் அடிமையாகி, 1891இல் இறந்து போனார். மென்றவர்கள், குடித்தவர், ஊசி போட்டவர் ஆகிய எல்லாருக்கும் வஸ்து ஒன்றே. கதிதான் வேறு வேறு.

ஆம்ஃபெடமினின் சரித்திரமும் இதற்குச் சளைத்ததல்ல. 1887இல் பெர்லினில் செய்யப்பட்டுக் கேட்பாரற்றுக் கிடந்த அதை, 1930களில் அமெரிக்காவில் மூக்கடைப்புக்கு முகரும் மருந்தாக விற்றார்கள். 1936இல் பாஸ்டன் டாக்டர் ஆப்ரஹாம் மையர்ஸன் மனச்சோர்வுக்கு அதைப் பரிந்துரை செய்தார். மனச்சோர்வுக்கென்று கடைகளில் விற்ற முதல் மாத்திரைகளில் ஒன்று ஆம்ஃபெடமினேதான்! அதனால் எத்தனையோ பேர் அடிமையான பிறகுதான் வைத்திய உலகம் விழித்துக்கொண்டது. 'டாக்டர் கொடுத்தால் லாகிரி ஆகாதா?' என்று கேட்கும் பாட்டியின் சந்தேகத்துக்கு வைத்திய சரித்திரமே சாட்சி சொல்லும்போது, அவளைப் பார்த்துச் சிரிக்க யாருக்கும் உரிமையில்லை.

இந்தச் சந்தேகத்தை அளவுகோல் வைத்துத் தீர்த்தவர்களில் முக்கியமானவர் நோரா வோல்கோவ் என்ற பெண்மணி. ருஷ்யப் புரட்சித் தலைவர் டிராட்ஸ்கியின் கொள்ளுப் பேத்தி. மெக்ஸிகோ நகரில் 1940இல் டிராட்ஸ்கி கொலையுண்ட அதே வீட்டில் வளர்ந்தவர். மிகச் சொற்ப அளவு கதிரியக்கம் ஏற்றிய வஸ்துவை இரத்தத்தில் செலுத்தி, அது மூளையில் எங்கே போய்ச் சேர்கிறது என்பதை வெளியிலிருந்தே படம் பிடிக்கும் இயந்திரம் ஒன்று உண்டு. நியூயார்க் அருகே புரூக்ஹேவன் ஆராய்ச்சிச் சாலையில் அதை வைத்துக்கொண்டு, கொகேன் எத்தனை இறைகூடைக்காரர்களைக் கட்டிப்போடுகிறது என்று அவரும் அவருடைய சகாக்களும் எண்ணிவிட்டார்கள்! 1997இல் முடிவு வெளியாயிற்று. லாகிரிக்காரர்கள் சாதாரணமாக ஏற்றிக்கொள்ளும் அளவு கொகேன், நூற்றுக்கு 60 முதல் 77 வரை இறைகூடைக்காரர்களின் கையைக் கட்டுகிறது. குறைந்தபட்சம் 47 பேராவது கட்டுண்டால்தான் மனிதன் அதன் போதையை உணருகிறான்.

புப்ரோப்பியான் சாப்பிட்டவர்களின் மூளையையும் இதே விதமாகப் படம் எடுத்திருக்கிறார்கள். 2002இல் வந்த ஆராய்ச்சியில் சராசரி 14. 2003இல் வந்ததில் 26. இரண்டும் 47க்கு எவ்வளவோ கீழே. கட்டப்பட்டவர்கள் இவ்வளவு குறைவாக இருக்கும்போது மருந்தின் பலன் டோப்பமினால்தானா என்றுகூட விஞ்ஞானிகள் வாதாடுகிறார்கள். நாரட்ரினலின் என்ற மற்றொரு ரஸத்துக்கும் அதில் பங்கு இருக்கிறது.

எண்ணிக்கையோடு விஷயம் முடிந்துவிட்டதா என்றால், இல்லை. சொல்லப்போனால் இங்கேதான் ரஸமான பகுதி வருகிறது. கவனக் குறைவு உள்ள குழந்தைகளுக்கு ரிட்டாலின் என்று ஒரு மருந்து கொடுக்கிறார்கள். (1944இல் அதைச் செய்த ஸ்விட்ஜர்லாந்து ரஸாயன நிபுணர் தம்முடைய மனைவி ரீட்டாவின் பெயரை அதற்கு வைத்தார். நகைக்கடைக்குப் போகாமலே மனைவியைச் சந்தோஷப்படுத்தும் வழி!) சாதாரண அளவில் விழுங்கினாலே இது நூற்றுக்கு 50க்கு மேற்பட்ட இறைகூடைக்காரர்களின் கையைக் கட்டிவிடுகிறது என்று வோல்கோவின் குழுவினர் 1998இல் கண்டார்கள். 47ஐத் தாண்டிவிட்டதே! ஆனாலும் விழுங்கியவர்களுக்குப் பொதுவாகப் போதை வருவதில்லை. அதே ரிட்டாலினை இரத்தக் குழாயில் ஊசியாக ஏற்றினால், கொகேனைப் போலவே போதை வருகிறது.

இரகசியம் வேகத்தில் இருக்கிறது. ஊசியில் ஏற்றிய கொகேன் சுமார் ஐந்து நிமிஷத்துக்குள் மூளையில் உச்சத்தை எட்டுகிறது. விழுங்கிய ரிட்டாலின் உச்சத்தை அடைய ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். புப்ரோப்பியானைப் பெரும்பாலும் மெதுவாகக் கரையும் மாத்திரையாகச் செய்து விற்கிறார்கள். அது மணிக்கணக்கில் இரத்தத்தில் கலக்கிறது. ஒரு மாதத்து மழை ஒரே ராத்திரியில் கொட்டினால் ஊரை அடித்துக்கொண்டு போகும். அதே மழை மாதம் முழுவதும் தூறினால் பயிர் விளையும். மூளை கவனிப்பது தண்ணீரின் அளவை மட்டுமல்ல, அது ஏறும் வேகத்தையும்தான். கொகேன் திரும்பிப் போவதும் வேகந்தான். சுமார் இருபது நிமிஷத்தில் மூளையிலிருந்து பாதி போய்விடுகிறது. ஏறியது சடக்கென்று இறங்கினால், இறங்கியவன் உடனே மறுபடியும் ஏறத்தானே பார்ப்பான்?

இப்படித் திரும்பத் திரும்ப வெள்ளம் வந்தால் வாய்க்காலுக்கு என்ன ஆகும்? கொகேனுக்கு அடிமையானவர்களின் மூளையில், டோப்பமினை ஏற்றுக்கொள்ளும் வாசல்களில் ஒரு வகை குறைந்து போயிருப்பதையும், லாகிரியை நிறுத்தி மூன்று நான்கு மாதங்கள் ஆன பிறகும் குறைந்தே இருப்பதையும் 1993இல் கண்டார்கள். குழந்தையின் சிரிப்பு, நல்ல சாப்பாடு, சங்கீதம் எதுவும் மனத்தில் ஏறாது. ஏறுவது லாகிரி ஒன்றுதான். மனச்சோர்வு மருந்துகளின் போக்கு நேர் எதிரானது. முதல் நாள் சாப்பிட்டவனுக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரிவதில்லை. பலன் தெரிய வாரங்கள் ஆகின்றன. இன்றைக்குச் சாப்பிட்டு அடுத்த மாதம் வரப்போகும் சுகத்துக்காக யாரும் திருட்டுத்தனமாக மாத்திரை தேடி அலைவதில்லை.

ஆனாலும் மூளையில் 'இது நல்ல பக்கம், அது கெட்ட பக்கம்' என்று கோடு கிழித்துவிட முடியாது. கொகேனைத் தொடர்ந்து பெற்ற எலிகளின் மூளையில், இன்ப உணர்ச்சிக்குரிய இடத்தில் 'டெல்டா ஃபாஸ் பி' என்ற புரதம் சேருகிறது. அடிமைத்தனத்தின் முத்திரை அது என்று வெகு காலம் பேசப்பட்டது. 2010இல் வந்த ஆராய்ச்சியில், ஃப்ளூவாக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மருந்தைப் பெற்ற சுண்டெலிகளிடமும் அதே இடத்தில் அதே புரதம் சேருவதும், துன்பத்தைத் தாங்கும் சக்திக்கு அது உதவுவதும் தெரிய வந்தன. ஒரு மருந்து 'லாகிரியைப் போலவே மூளையை மாற்றுகிறது' என்று எங்காவது படித்தால், எந்த இடத்தில், எவ்வளவு, எவ்வளவு வேகத்தில், எத்தனை நாள் என்ற நாலு கேள்விகளையும் கேட்டு விட்டுப் பிறகு பயப்படலாம்.

புப்ரோப்பியானைப் பரம சாதுவென்று சொல்ல நான் வரவில்லை. ஊசி வழியாகத் தானாகவே எடுத்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்தால் குரங்குகளும் எலிகளும் அதை எடுத்துக்கொள்கின்றன. லாகிரிப் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரே தடவையில் 400 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தபோது, ஆம்ஃபெடமினின் சாயல் இலேசாகத் தெரிந்தது. வட அமெரிக்கச் சிறைச்சாலைகளில் மாத்திரையைப் பொடி செய்து மூக்கினால் உறிஞ்சிய கைதிகள் உண்டு. தூறலாக வரவேண்டியதை வெள்ளமாக்கிக் கொள்ளும் தந்திரம் அது. அதற்குத் தண்டனையாகக் காக்காய் வலிப்பே வரலாம். மருந்து அங்கே 1985 டிசம்பரில் அனுமதி பெற்று, வலிப்புக் காரணமாக 1986இல் நிறுத்தப்பட்டு, தினம் 450 மில்லிகிராமுக்கு மேற்படக்கூடாது என்ற கட்டுப்பாட்டோடு 1989இல்தான் திரும்பி வந்தது. வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு இது ஆகாது.

மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் சிலருக்குத் தலை சுற்றுகிறதே, எரிச்சல் வருகிறதே, தூக்கம் கெடுகிறதே, அது அடிமைத்தனம் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. முக்கியமாகப் பராக்ஸெட்டின், வென்லாஃபாக்ஸின் ஆகிய மருந்துகளில் இந்தத் தொந்தரவு கடுமையாகவே இருப்பதுண்டு. அதைச் சின்ன விஷயமென்று சொல்லும் டாக்டர், நோயாளியின் பேச்சைச் சரியாகக் கேட்கவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் இது உடம்பு ஒரு வஸ்துவுக்குப் பழகிப் போனதன் விளைவு. சில இரத்த அழுத்த மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினாலும் இரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறும். அதற்காக அவற்றை யாரும் லாகிரி என்பதில்லை. அடிமையின் லட்சணம் வேறு: அளவு நாளுக்கு நாள் ஏறும், வீடு வாசல் போவது தெரிந்தும் கை நீளும். மாத்திரையை நிறுத்த நினைப்பவர்கள், குப்பைத் தொட்டியைத் தேடாமல், டாக்டரிடம் சொல்லி வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு வந்தால் தொந்தரவில் பெரும் பகுதியைத் தவிர்க்கலாம்.

இன்னும் ஒரு செய்தி. லாகிரிகளின் பங்காளியான இந்தப் புப்ரோப்பியான், லாகிரிகளுக்கு எதிராகவே சாட்சி சொல்லக் கிளம்பியிருக்கிறது. சிகரெட்டை விட நினைத்த 615 பேரை வைத்து நடத்திய பரீட்சையின் முடிவு 1997இல் வெளியாயிற்று. தினம் 300 மில்லிகிராம் சாப்பிட்டவர்களில் ஏழாவது வார முடிவில் நூற்றுக்கு 44 பேர் சிகரெட் இல்லாமல் இருந்தார்கள். மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 19 பேர்தான். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் 23 பேரும் 12 பேரும். புகையிலையின் பிடி எவ்வளவு பலமானது என்பதை இந்த இறக்கமே சொல்லும்.

2021இல் மதுக்கர் திரிவேதி என்ற இந்தியப் பெயருடைய டாக்டரின் தலைமையில் அமெரிக்காவில் நடந்த பரீட்சை, ஆம்ஃபெடமினின் கொடிய தம்பியான மெத்தாம்ஃபெடமினுக்கு அடிமையான 403 பேரைப் பற்றியது. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை நால்ட்ரெக்ஸோன் ஊசியும், தினம் 450 மில்லிகிராம் புப்ரோப்பியானும் பெற்றவர்களில் நூற்றுக்கு 13.6 பேருக்குக் குணம் தெரிந்தது. வெறும் ஊசியும் வெறும் மாத்திரையும் பெற்றவர்களில் 2.5 பேருக்குத்தான். ஏழு பேரில் ஒருவர் என்பது பெரிய வெற்றியல்ல; ஆனால் மெத்தாம்ஃபெடமினின் பிடியிலிருந்து விடுவிக்க அது வரையில் அந்நாட்டில் அங்கீகாரம் பெற்ற மருந்து ஒன்றுகூட இருந்ததில்லை.